வரைபடத்தில் உங்கள் நிலம் என்ன நிறம்?

வாசகர் கேள்வி – பதில்

(நகரமைப்பு அலுவலகத்தில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்ற மதுரைக்காரர் ஒருவர் இந்த மாதக் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார். எல்லாம் நில விவகாரம் என்பதால் கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.)

ஐயா, எங்கள் வீட்டுக்கு வடக்கே இருக்கும் நஞ்சையில் பெரிய குடோன் வரப்போவதாகப் பேச்சு. போன வாரம் நாளிதழில் 'நில உபயோக மாற்றம்' என்று ஒரு சின்ன அறிவிப்பு வந்தது. கொழுந்தனார்தான் வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். விவசாயத்திலிருந்து தொழில் உபயோகத்துக்கு மாற்றுகிறார்களாம். ஆட்சேபம் இருந்தால் எழுதலாம் என்று போட்டிருக்கிறது. எங்கள் தெருவே 20 அடிதான். நாங்கள் எழுதிப் போட்டால் யாராவது படிப்பார்களா?
– வாசகி, ஒத்தக்கடை அருகே

படிப்பார்கள் அம்மா. படித்தே ஆக வேண்டும். பக்கத்து நிலத்துக்காரர்கள் எழுதட்டும் என்பதற்காகத்தான் அந்த அறிவிப்பையே போடுகிறார்கள். எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் காகிதம் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துவிடுவோம். மதுரைக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் முழுமைத் திட்டம் என்று ஒன்று உண்டு. மாஸ்டர் பிளான் என்றால் சட்டென்று புரியும். 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி தயாரிப்பது. அதன் வரைபடத்தில் குடியிருப்பு மஞ்சள், வணிகம் நீலம், தொழில் ஊதா, பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி போன்றவை சிவப்பு, விவசாயம் பச்சை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதையெல்லாம் பிரஷ்ஷால்தான் நிரப்புவோம். மஞ்சளும் பச்சையும் ஈரத்தோடு கலந்துவிட்டால் அந்த ஷீட்டே வீண். இப்போது கம்ப்யூட்டரில் ஒரு தட்டு.

பச்சையை ஊதா ஆக்கச் சொல்லி நிலத்துக்காரர் மனுப் போடுகிறார். உள்ளூர் திட்டக் குழுமத்தின் ஆட்கள் வந்து இடத்தைப் பார்ப்பார்கள். நாளிதழ் அறிவிப்பு வரும். உள்ளாட்சியின் கருத்தைக் கேட்பார்கள். அப்புறம் குழுமக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானம் போட்டு, பரிந்துரையோடு சென்னைக்கு அனுப்புவார்கள். முடிவான உத்தரவு அங்கிருந்துதான் வரும். உங்கள் கடிதம் இந்தக் கோப்பில் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டால், மேலே உட்கார்ந்திருப்பவர் அதற்குப் பதில் குறிப்பு எழுதாமல் அடுத்த மேஜைக்குத் தள்ள முடியாது. உங்களுக்கு இருக்கும் பலம் இதுதான். கெடு தேதி தாண்டி எழுதினால் அது இல்லை.

வரும் ஆட்சேபக் கடிதங்களில் பாதிக்கு மேல் எப்படி இருக்கும் தெரியுமா? 'இதனால் எங்கள் நிம்மதி கெடும், மேலான சமூகம் கருணை கூர்ந்து' என்று ஆரம்பித்து, நாற்பது கையெழுத்தோடு முடியும். சர்வே எண் இருக்காது. அதற்கு அலுவலகத்தில் 'பொதுவான ஆட்சேபம், குறிப்பான காரணம் இல்லை' என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவார்கள். நீங்கள் இப்படி எழுதுங்கள்:

"மேற்படி சர்வே எண்ணுக்குப் போக இருக்கும் ஒரே வழி எங்கள் தெரு. நடுவில் மூன்று இடங்களில் டேப் பிடித்து அளந்ததில் அகலம் இவ்வளவு. படம் இணைத்துள்ளோம். மனுவில் உள்ள நிலத்தின் தென்னோரமாகப் பாசனக் கால் ஓடுவது புல வரைபடத்தில் உள்ளது. அதன் கீழ் இன்னும் இத்தனை ஏக்கர் நடவு நடக்கிறது. கிணறு இத்தனை அடி தூரத்தில் உள்ளது. அங்கன்வாடி இத்தனை அடி தூரத்தில் உள்ளது. நேரில் விசாரணைக்கு அழைக்கக் கோருகிறோம்."

இவ்வளவு போதும். இதில் ஒவ்வொரு வரியையும் ஆள் அனுப்பிச் சரிபார்க்க முடியும், அதனால் தள்ளிவிட முடியாது. ஒத்தக்கடைப் பக்கம் பெரியாறு பாசனம் உள்ள பூமி. ஆகவே அந்த வாய்க்கால் விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். புல வரைபடத்தை எஃப்.எம்.பி. என்று கேட்டால் கொடுப்பார்கள், இணையத்திலும் எடுக்கலாம். அ-பதிவேட்டு (சர்வே எண்வாரியாக நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்த் துறைப் பதிவேடு) நகலும் எடுத்து வையுங்கள். கடிதத்தைச் சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும்படி விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் சீல் வாங்காமல் திரும்பாதீர்கள்.

இன்னொன்று. 'குடோனே வரக்கூடாது' என்று மட்டும் எழுதினால் ஆமா, இல்லை என்று இரண்டில் ஒன்றுதான் பதிலாக வரும். 'அனுமதிப்பதானால் லாரி நுழைவு மேற்கே உள்ள பெரிய சாலை வழியாக மட்டும் இருக்க வேண்டும், கால்வாயை ஒட்டி இடைவெளி விட வேண்டும்' என்று இரண்டாவது பத்தி போடுங்கள். முதலாவது போனாலும் இரண்டாவது நிபந்தனையாக உத்தரவில் ஏற இடம் உண்டு. ஊராட்சித் தலைவரையும் பாருங்கள். உங்கள் கடிதமும் ஊராட்சித் தீர்மானமும் வேறு வேறு திசையில் இருந்தால் கோப்பில் அது நன்றாகத் தெரியும்.

வடக்கு ஆவணி மூல வீதியில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. முகப்பு 14 அடி, உள்ளே 90 அடி ஆழம். அண்ணன் தம்பிகள் சேர்ந்து இடித்துவிட்டு ஐந்து மாடி லாட்ஜ் கட்டலாம் என்று பேசினோம். பொறியாளர் 9 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்கிறார். ஆனால் சுற்றிலும் உயரமான கட்டடங்கள் நிற்கின்றனவே?
– வாசகர், மதுரை

உங்கள் பொறியாளர் சொன்னது சரி. அவரை விட்டுவிடாதீர்கள், உள்ளதைச் சொல்கிற ஆள்.

மீனாட்சியம்மன் கோயில் வெளி மதிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக்கூடாது என்று அரசாணை இருக்கிறது. நான்கு சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி எல்லாமே இதற்குள் வந்துவிடும். தெற்குக் கோபுரம் 50 மீட்டருக்கு மேல். எங்கிருந்து பார்த்தாலும் கோபுரம் தெரிய வேண்டும் என்பது ஒரு காரணம். கோடிப் பேர் வந்து போகிற இடத்தில் தண்ணீர், கழிவு, தீயணைப்பு வண்டி எல்லாம் அந்தக் குறுகலான சந்துகளில் நுழைய வேண்டுமே, அது இன்னொரு காரணம். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய காரணம். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

சுற்றிலும் நிற்பவை என்றால், சில அந்த ஆணைக்கு முன்பே கட்டியவை. சில ஆணைக்குப் பின் துணிந்து ஏற்றியவை. அவற்றின் மேல் உயர் நீதிமன்றக் கிளையில் வழக்கு மேல் வழக்காக வந்திருக்கிறது. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகளில் நோட்டீஸ் கொடுக்கலாம், வேலையை நிறுத்தலாம், பூட்டி சீல் வைக்கலாம். 'கட்டிவிட்டு அப்புறம் வரன்முறை (விதிமீறலைப் பின்னால் சட்டப்படி சரியாக்குவது) செய்துகொள்ளலாம்' என்று யாராவது காதில் ஓதினால் நம்பாதீர்கள். 113-சி பிரிவில் வந்த வரன்முறை 2007 ஜூலை 1-ஆம் தேதிக்கோ அதற்கு முன்போ கட்டிய கட்டடங்களுக்குத்தான். இன்று கடைக்கால் தோண்டுகிறவருக்கு அதில் இடமில்லை.

சரி, 9 மீட்டரில் என்ன கிடைக்கும்? ஏறக்குறைய 29 அடி. மாடிக்குப் பத்தடிக்குக் கொஞ்சம் குறைவு என்றால் தரைத்தளத்தோடு சேர்த்து மூன்று. கீழே வண்டி நிறுத்த விட்டால் மிச்சம் இரண்டு. 14 அடி முகப்பில் கார் திருப்புவது நடக்காத காரியம். ஆகவே ஐந்து மாடிக் கணக்கு போட்டு வங்கியில் கடன் கேட்டிருந்தால் அந்தக் காகிதத்தை முதலில் கிழித்துப் போடுங்கள்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். அந்த வீட்டில் முற்றமும் பர்மாத் தேக்குத் தூணும் இருந்தால் இடிப்பதற்கு முன் ஒரு முறை யோசியுங்கள். பழைய வீட்டைச் செப்பனிட்டு ஏழெட்டு அறையாக்கி, முற்றத்தில் காலைப் பலகாரம் போடுகிற தங்குமிடத்துக்கு வெளியூர்க்காரன் லாட்ஜ் வாடகையைப் போல் இரண்டு மடங்கு தருகிறான். காரைக்குடிப் பக்கம் போய்ப் பாருங்கள். உபயோகம் வீட்டிலிருந்து வணிகத்துக்கு மாறுவதால் அப்போதும் அனுமதி வாங்கத்தான் வேண்டும். ஆனால் உயரச் சண்டை கிடையாது. அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரிக்கிற சண்டைக்கு என்னிடம் மருந்தில்லை.

கண்மாய்க் கரையை ஒட்டி மனை சல்லிசாக வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், வண்டியூர்

வேண்டாம்.

மதுரையில் சொக்கிகுளம் இருக்கிறது, பீபீகுளம் இருக்கிறது, தல்லாகுளம் இருக்கிறது. தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். உயர் நீதிமன்றக் கிளை 2004-இல் திறந்ததும் உலகநேரிக் கண்மாய் இடத்தில்தான். அரசாங்கம் கட்டியதைப் பார்த்து நாமும் கட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அரசாங்கத்தை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை, உங்களைச் சொல்வார்கள். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தனிச் சட்டமே வந்தாயிற்று. பத்திரம் பதிவாகியிருப்பதோ, வீட்டு வரி ரசீது இருப்பதோ, மின் இணைப்பு இருப்பதோ அங்கே நிற்காது. பட்டா நிலம் என்று காட்டினாலும் அ-பதிவேட்டில் பழைய வகைப்பாடு என்ன என்று பாருங்கள். 'நீர்ப்பிடிப்பு' என்றோ 'கண்மாய் உள்வாய்' என்றோ ஒரு சொல் கண்ணில் பட்டால் முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஆனையூரில் எங்களுக்கு மூன்று சென்ட் மனை. மாமனார் காலத்தில் வாங்கியது. வீடு கட்ட அனுமதி கேட்டால், விரிவு அபிவிருத்தித் திட்டத்தில் (முழுமைத் திட்டத்துக்குக் கீழே ஒரு பகுதிக்கு மட்டும் நுணுக்கமாக வரைவது) 60 அடி சாலை இந்த வழியாகப் போகிறது என்று திருப்பிவிட்டார்கள். சாலையும் போடவில்லை, நிலத்தை எடுக்கவும் இல்லை, பணமும் தரவில்லை. சும்மா கிடக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, ஆனையூர்

இந்த மாதம் வந்த கேள்விகளிலேயே எனக்குக் கோபம் வந்தது இதற்குத்தான். வரைபடத்தில் சாலை போட ஒரு மதியப் பொழுது போதும். நிலத்தை எடுக்கத்தான் பணம் வேண்டும். பணம் இல்லாமல் கோடு மட்டும் போட்டுவிட்டுப் போனால், அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் குடும்பம் இரண்டு தலைமுறையாகக் காத்திருக்கிறது.

சட்டம் உங்களுக்குச் சாதகமாக ஒன்று வைத்திருக்கிறது. நகர் ஊரமைப்புச் சட்டம், பிரிவு 38. திட்டம் பற்றிய அறிவிப்பு அரசிதழில் வெளியான நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள், ஒதுக்கிய நிலத்தை எடுப்பதாக அறிவிக்கவும் இல்லை, பேசி வாங்கவும் இல்லை என்றால், அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகவே கொள்ள வேண்டும். இதை வைத்து எத்தனையோ பேர் உயர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கியிருக்கிறார்கள்.

ஆனால் நேராக வக்கீலிடம் ஓடாதீர்கள். முதலில் இரண்டு காகிதம் வேண்டும். அந்த விரிவு அபிவிருத்தித் திட்டத்தின் அரசிதழ் அறிவிப்பும், உங்கள் சர்வே எண் தெரிகிற வரைபட நகலும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். 'மேற்படி சாலைக்காக இந்தச் சர்வே எண்ணில் நில எடுப்பு நடவடிக்கை ஏதும் எடுக்கப்பட்டதா?' என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். 'இல்லை' என்று எழுத்தில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதன் பிறகு பிரிவு 38-ஐச் சொல்லித் திட்டக் குழுமத்துக்கு மனு. அவர்கள் அசையாவிட்டால் நீதிமன்றம்.

வரைபட நகல் கைக்கு வந்ததும் இன்னொன்றையும் பாருங்கள். சாலை உண்மையிலேயே உங்கள் மனை மேல்தான் போகிறதா? 1:5000 அளவில் வரைந்த படத்தில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு கோடு, தரையில் இரண்டரை மீட்டர். எட்டடிக்கு மேல்! மூன்று சென்ட் மனைக்காரருக்கு எட்டடி என்பது ஒரு அறை. பேனா கொஞ்சம் பழசாகி மை அகலமாக விழுந்தாலே ஒரு வீட்டின் திண்ணை போய்விடும். அதனால் 'படத்தில் அப்படித்தான் தெரிகிறது' என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். புல வரைபடத்தோடு பொருத்தி, நிலத்தில் அளந்து, சாலையின் விளிம்பு எங்கே விழுகிறது என்று கல் நட்டுக் காட்டச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். முழு மனை பாதிக்கிறது என்று நினைத்துப் பல வருஷம் அழுதவர்களுக்கு, அளந்து பார்த்ததும் ஓரத்தில் நாலடிதான் போகிறது என்று தெரிந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த நாலடியை விட்டுக் கட்ட அனுமதி கேட்கலாமே.

ஒரு எச்சரிக்கை. இது திட்டச் சாலை என்றால்தான் பிரிவு 38. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவின் வரைபடத்திலேயே சாலை என்றும் பூங்கா என்றும் காட்டி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த இடத்துக்கு இது பொருந்தாது. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மிச்ச நிலத்தில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும். அந்த இடத்தை 'யாரும் பூங்கா கட்டவில்லை, ஆகவே எங்களுடையது' என்று திரும்ப விற்கப் பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட மனை உங்கள் கைக்கு வந்திருந்தால் கதை வேறு. ஆனையூர் 2011-இல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய மனைகளுக்கு மூலப் பத்திரத்தையும் மனைப்பிரிவு அங்கீகார எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

திருமங்கலம் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் புஞ்சை. 'புது மாஸ்டர் பிளானில் இது வணிகப் பகுதி' என்று புரோக்கர் போனில் ஒரு படத்தைக் காட்டுகிறார். நம்பலாமா?
– வாசகர், திருமங்கலம்

போனில் காட்டுகிற படத்தில் முத்திரை இருக்கிறதா? அரசிதழ் எண், தேதி இருக்கிறதா? இல்லையென்றால் அது வெறும் படம்.

மதுரையின் முழுமைத் திட்டம் 1995-இல் ஒப்புதல் ஆனது. புதிதாக ஒன்று வரைகிற வேலையும் பின்னர் தொடங்கியது. எந்த முழுமைத் திட்டமும் முதலில் வரைவாக அரசிதழில் வெளிவர வேண்டும். அன்றிலிருந்து குறைந்தது இரண்டு மாதம் யார் வேண்டுமானாலும் ஆட்சேபமும் யோசனையும் எழுத்தில் கொடுக்கலாம். வரைவில் உங்கள் நிலம் என்ன நிறம் என்று அந்த இரண்டு மாதத்தில் பார்ப்பவர்கள் நூற்றில் ஒருவர்கூட இருக்க மாட்டார்கள். எல்லாம் முடிந்து அனுமதி கேட்கப் போகும்போதுதான் 'எங்களிடம் யாரும் கேட்கவில்லையே' என்பார்கள். கேட்டிருப்பார்கள், அரசிதழில்.

ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். வரைவு ஒப்புதல் ஆகாதவரை அதன் நிறத்துக்கு விலை கொடுக்கக் கூடாது. விற்பவர் நீங்கள் என்றால், அந்த நிறத்தைக் காட்டி யாராவது குறைந்த விலைக்கு அக்ரிமென்ட் போட அவசரப்படுத்தினாலும் கையெழுத்து வேண்டாம். அவர் அவசரப்படுவதற்கு ஒரு காரணம் இருக்கும்.

எங்கள் அம்மா மாசி வீதியில் பூ விற்கிறார். பாட்டியும் அங்கேதான் விற்றார். தெருவை அழகுபடுத்தப் போகிறோம், எல்லோரும் எழுந்துகொள்ள வேண்டும் என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். போன மாதம் ஒரு நாள் கூடையையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எங்களுக்கு ஏதாவது உரிமை இருக்கிறதா?
– கல்லூரி மாணவி, மதுரை

இருக்கிறது, தாயி. எழுதி வைத்துக்கொள். அம்மாவுக்குப் படித்துக் காட்டு.

2014-ஆம் ஆண்டு சாலையோர வியாபாரிகள் சட்டம் என்று மத்தியச் சட்டம் இருக்கிறது. ஊரில் உள்ள வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்று கொடுத்து முடிக்கும்வரை யாரையும் எழுப்பக்கூடாது. இடம் மாற்றுவதானாலும் 30 நாள் முன்னறிவிப்பு, அதுவும் எழுத்தில். எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்று பேச நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே, அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உங்கள் பகுதியிலிருந்து அதில் யார் இருக்கிறார் என்று சங்கத்தில் கேள்.

கூடை விஷயம். பொருளைப் பறிமுதல் செய்தால் என்னென்ன எடுத்தார்கள் என்று பட்டியல் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அழுகாத பொருள் என்றால் திரும்பக் கேட்ட இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். அழுகும் பொருள் என்றால் கேட்ட அன்றைக்கே. விடியற்காலையில் மாட்டுத்தாவணிச் சந்தையில் எடுத்த மல்லி சாயங்காலம் என்ன ஆகும் என்று சட்டம் எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த தடவை கூடையைத் தொட்டால் 'பட்டியல் கொடுங்க சார்' என்று அம்மா கேட்கட்டும். கேட்டதும் பல பேர் கூடையைக் கீழே வைத்துவிடுவார்கள்.

பாட்டி காலத்திலிருந்து என்று எழுதியிருக்கிறாய். அதுதான் உன் கேள்வியிலேயே முக்கியமான வரி. ஐம்பது ஆண்டுக்கு மேல் வியாபாரம் நடக்கிற இயற்கையான சந்தை இடங்களைப் பாரம்பரியச் சந்தை என்று அறிவிக்க வேண்டும், அங்குள்ளவர்களை இடம் மாற்றக்கூடாது என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. ஐம்பது ஆண்டு என்று நிரூபிக்க எதுவும் உதவும். பழைய தரை வாடகைச் சீட்டு, கந்துக்காரர் நோட்டு, தெருவில் எடுத்த கல்யாணப் படத்தில் பாட்டி ஓரமாக உட்கார்ந்திருப்பது, எல்லாமே சாட்சிதான்.

அழகுபடுத்துவதை நான் எதிர்க்கவில்லை. நடைபாதை போடட்டும், மின்கம்பியைப் பூமிக்கடியில் கொண்டுபோகட்டும். ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் 2016-இல் மதுரை சேர்ந்ததிலிருந்து கோயிலைச் சுற்றிக் கல் பதித்தாயிற்று, பெரியார் பேருந்து நிலையத்தை இடித்து வணிக வளாகத்தோடு கட்டியாயிற்று. புது மண்டபத்துத் தையல்காரர்களும் பாத்திரக்கடைக்காரர்களும் புத்தகக்கடைக்காரர்களும் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாறினார்கள். நாயக்கர் கட்டிய கல் மண்டபத்துக்கு அது நல்லதுதான். கடைக்காரர்களுக்கு மாற்றுக் கூரை ஒன்று தயாராக இருந்தது. பூக்காரிக்கு அப்படி எந்தக் கூரையும் கட்டுவதில்லை, 'எங்காவது போய் உட்காரும்மா' என்பதோடு சரி. தெருவின் வரைபடத்தில் மரத்துக்கு வட்டம் போட்டிருப்பார்கள், பெஞ்சுக்குக் கட்டம் போட்டிருப்பார்கள். பூக்கூடைக்கும் நாலுக்கு மூன்று அடியில் ஒரு கட்டம் போடச் சொல்லி விற்பனைக் குழு வழியாக எழுத்தில் கேளுங்கள். மஞ்சள் பெயின்ட்டில் போடுகிற வேலைதான். கோடிக்கணக்கில் ஆகாது.

மதுரைக் கோட்டை என்று பாடத்தில் வருகிறது. பிள்ளைகள் 'எங்கே சார்?' என்கிறார்கள். அது எங்கே போயிற்று?
– ஆசிரியர், மேலூர்

வெளி வீதியில் நடந்தால் கோட்டை இருந்த வழியில்தான் நடக்கிறீர்கள். 1840-களை ஒட்டி, பிளாக்பர்ன் என்ற கலெக்டர் காலத்தில் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) கஜானாவிலிருந்து அதிகம் செலவழிக்கவில்லை. மதிலை இடித்து அகழியை நிரப்புகிறவர்களுக்கு அந்த இடத்தையே கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கு இதை ஒப்பந்தக்காரருக்கு நிலம் கொடுத்து வேலை வாங்குவது என்று சொல்லி ஆறு கூட்டம் போடுவார்கள். அந்த வேலையில் இருந்த மாரட் என்ற சர்வேயரின் பெயரிலும், பெருமாள் மேஸ்திரி பெயரிலும் தெருக்கள் இன்னும் இருக்கின்றன. கலெக்டர் நினைவாக நட்டதுதான் விளக்குத்தூண். பேருந்து அறிவிப்பில் அதன் பெயரைத் தினமும் கேட்கிறோம், எதற்காக நட்டார்கள் என்று கேட்பதில்லை. மேலவாசல் பக்கம், பெரியார் நிலையத்துக்கு அருகில், பழைய கோட்டையின் கொத்தளம் ஒன்று மிச்சமிருக்கிறது. பிள்ளைகளை அங்கே கூட்டிப் போங்கள்.

அப்போது ஆட்சேபம் கேட்டார்களா என்று உங்கள் மாணவர் யாராவது கேட்டால், கேட்கவில்லை என்று சொல்லுங்கள். அகழி ஓரம் குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று ஒருவருக்காவது கேட்கத் தோன்றினால், அந்தப் பிள்ளையை எங்கள் துறைக்கு அனுப்பி வையுங்கள்.

சுயசான்று முறையில் உடனே வீட்டு அனுமதி கிடைக்குமாமே?
– வாசகர், வில்லாபுரம்

கிடைக்கும். 2024 ஜூலையில் வந்தது. 2500 சதுர அடிக்குள் மனை, 3500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும் மட்டும் என்றால் ஒற்றைச் சாளர இணையதளத்தில் நீங்களே உறுதியளித்துக் கட்டணம் கட்டி அனுமதியை இறக்கிக்கொள்ளலாம். யாரும் முன்கூட்டி வந்து பார்ப்பதில்லை. அதனால் மனை அங்கீகாரம் இல்லாததாக இருந்தாலும், பக்க இடைவெளி விடாமல் கட்டினாலும் பொறுப்பு உங்கள் தலையில். அங்கீகாரம் இல்லாத மனை என்றால் அது 2016 அக்டோபர் 20-க்கு முன் கிரயம் ஆனதா என்று பார்த்து, 2017-ஆம் ஆண்டு விதிகளில் வரன்முறை ஆகியிருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு அப்புறம் விண்ணப்பியுங்கள். பிரவுசிங் சென்டர்க்காரரிடம் கொடுத்து, அவர் இஷ்டத்துக்கு அளவு போட்டு அனுப்பிய விண்ணப்பங்கள் ஏகப்பட்டது நடமாடுகின்றன. டேப் பிடித்து அளந்த அளவை நீங்களே பக்கத்தில் இருந்து ஏற்றச் சொல்லுங்கள்.